ஒரு சாண் விட்டு

புல்லுக்காக ஒரு மனுஷியைத் தெருவில் நிறுத்தி அசிங்கப்படுத்தியவள் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் "விடையை முதல் வரியிலே எழுது, விளக்கத்தை அப்புறம் எழுது" என்று சொல்லிக்கொடுத்தவள், சொந்தத் தப்பை மட்டும் கடைசி வரியில் ஒளித்துவைப்பது நியாயம் இல்லை.

என் பெயர் ஞானம்பாள். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். கணவர் சிவசண்முகம் மின்வாரியத்தில் இருந்தவர், அதிர்ந்து பேசமாட்டார். வீட்டுக்கு ஒருவர் அதிர்ந்தால் போதும் என்று நினைத்திருப்பார். என் கோபம் எங்கள் காலனியில் பிரசித்தம். தபால்காரர்கூட எங்கள் வீட்டு மணியை அடிக்கும் முன்னால் ஒருதரம் தொண்டையைச் செருமிக்கொள்வார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற மறுவருஷம் பெங்களூரில் மகள் சித்ரலேகா வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் புல்லைப் பார்த்தேன். இடுப்பு உயரம், மாதுளைத் தோல் நிறத்தில் இலை, ஒவ்வொரு தாளின் நுனியிலும் அணில் வால் மாதிரி ஒரு கதிர். காற்று வந்தால் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தன. அங்கிருந்த தோட்டக்காரர் அதை அழகுப் புல் என்றார். அவரிடம் கேட்டு மூன்று தூர் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன்.

திருநெல்வேலிச் சீமையில் புல்லைப் பிடுங்க ஆள் வைப்பார்கள். நடுவதற்கு யாரும் வைப்பதில்லை. பக்கத்து வீட்டு ஷம்ஸியா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். என் கணவர், "நமக்கு ஒரே பிள்ளைன்னு நெனச்சேன், இன்னும் மூணா?" என்றார்.  மதிலை ஒட்டி, வெயில் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து, ஒன்றுக்கொன்று இரண்டடி விட்டுக் குழி எடுக்கச் சொன்னேன்.

குழி எடுத்தது மாரித்தாய். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவி, முற்றம் பெருக்கி, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டவள். கொக்கிரகுளத்திலிருந்து வருவாள். அதற்கு முன்னால் ஆற்றுப் பாசனத்து வயல்களில் நடவும் அறுப்புமாக இருந்தவள். வயல்களெல்லாம் வீட்டுமனை ஆனதும் வீட்டு வேலைக்கு வந்துவிட்டாள். அவள் இல்லாவிட்டால் அந்த மூன்று தூரும் முதல் சித்திரையைத் தாண்டியிருக்காது. நான் ஆர்வக்கோளாறில் மாட்டுச் சாணத்தை அள்ளிப் போடச் சொன்னபோது, "புல்லுக்கு ரொம்பச் சோறு போட்டா தொந்தி விழுந்து சாஞ்சிரும் டீச்சரம்மா" என்று பாதியைக் கூடையிலேயே வைத்துக்கொண்டாள். இரண்டாம் வருஷம் தூரைப் பிளந்து நட்டாள். மூன்று ஆறாகி, ஆறு பதினான்காயின. துணி துவைக்கிற தண்ணீர் போகும் இடத்தில் வெட்டிவேரும், கிணற்று மேடையோரம் எலுமிச்சைப் புல்லும் வைத்தோம். வரிவரியாய் வெள்ளைக் கோடு போட்ட ஒரு புல்லை நர்சரியில் ஆசைப்பட்டு வாங்கினேன். அது நம் ஊர் வெயிலுக்கு ஒரு மாதம் தாக்குப்பிடித்து, மரியாதையாகச் செத்துப்போனது.

நாலாம் வருஷம் ஊதாக் கதிர்கள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் சிரித்தவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். காலனிக் கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணைக் கூட்டிவந்து புல்லுக்கு முன்னால் நிறுத்தினார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

அதனால்தான் மாரித்தாய் ஒவ்வொரு வருஷமும் கேட்டதை நான் மறுத்தேன். "ஒரு சாண் விட்டு அறுத்துவிடட்டுமா? பழந்தாள் சேந்துகிட்டே போவுது" என்பாள். என் கதிரில் கை வைக்காதே என்பேன். போன வருஷம் தூர்களின் நடுவில் சொட்டை விழுந்துவிட்டது. ஓரத்தில் மட்டும் பச்சை, உள்ளே வைக்கோல். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே பெருவிரல் சங்கதியைச் சொல்ல வேண்டும். மாரித்தாய்க்குப் படிக்கத் தெரியாது. சின்ன மகள் தன் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். நான்தான் ஒரு ஏற்பாடு செய்தேன். நீ பேசி அனுப்பு. நான் கேட்டுவிட்டுப் பெருவிரல் படம் போட்டால் சரி என்று அர்த்தம். ஒன்றும் போடாவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். இரண்டு தடவை சோதனை வைத்து, அவள் புரிந்துகொண்டாள் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

போன ஆவணியில் சித்ரலேகாவுக்குப் பிரசவம். நானும் கணவரும் பெங்களூருக்குப் போய் ஆறு வாரம் இருந்தோம். வாசல் கேட்டின் சாவியை மாரித்தாயிடம் கொடுத்திருந்தோம். புரட்டாசிக் கடைசியில் காலை ரயிலில் வந்து இறங்கினோம். ஆட்டோ தெருவில் திரும்பும்போது மணி எட்டு. பள்ளிக்கூட வேன் நின்றுகொண்டிருந்தது. மீன்காரர் சேக் முகம்மது வண்டியை நிறுத்திச் சாளை மீனை எடைபோட்டுக்கொண்டிருந்தார். ஷம்ஸியா கையில் சட்டியோடு நின்றாள். எங்கள் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. மாரித்தாய் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பேரனா பேத்தியா, யாரு சாடை?" என்று சிரித்தாள்.

நான் அவளைப் பார்க்கவில்லை. மதிலைப் பார்த்தேன். பதினான்கு தூர்களும் மொட்டையாக, ஒரு சாண் உயரத்துக்கு, தேய்ந்த விளக்குமாறு மாதிரி நின்றன. ஒரு கதிர் இல்லை.

யார் அறுத்தது என்று கேட்டேன். அவள், நான்தான் என்றாள், அதே சிரிப்போடு. ஷம்ஸியா தானாகவே, "நாலு கட்டு கட்டித் தலையில வச்சுக் கொண்டு போனாளே, உங்ககிட்ட சொல்லலியா?" என்றாள். மாரித்தாய் வீட்டில் இரண்டு ஆடுகள் உண்டு. எனக்குக் கணக்கு அந்த நிமிஷமே சரியாக வந்துவிட்டது. தப்பான கணக்கு எப்போதும் சீக்கிரம் வந்துவிடும்.

"ஏட்டி," என்றேன். பதினோரு வருஷத்தில் அவளை நான் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. "ஆறு வருசமா வளத்தத ஆட்டுக்கு அறுத்துப் போட்டுட்டியா?"

சிரிப்பு போய்விட்டது. "நீங்கதான டீச்சரம்மா பெருவிரல் போட்டீக."

"பொய் வேற சொல்லுதியா? தின்ன வீட்டுலயே களவாங்குத புத்தி எங்க போகும்?"

அந்தப் 'புத்தி' என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருந்தது என்று தெருவில் நின்ற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கோபத்தில் வந்த சொல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உள்ளே இருந்ததுதான் வெளியே வரும். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று எத்தனை பிள்ளைகளை நூறு தடவை எழுத வைத்திருக்கிறேன்.

என் கணவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஞானம், உள்ள வா" என்றார். நான் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் தப்பு செய்த பிள்ளையைக் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்துவேன். அப்போதுதான் மற்றவர்களுக்குப் புத்தி வரும் என்பது என் கொள்கை. அன்றைக்கும் வேன் டிரைவர், மீன்காரர், வேனுக்குள் இருந்த பிள்ளைகள் வரைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

மாரித்தாய் இடுப்பில் இருந்த சாவியை எடுத்து மதில் மேல் வைத்தாள். வயர்க்கூடையை எடுத்துக்கொண்டு, கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி, நடந்து போய்விட்டாள். மோட்டார் அறை ஆணியில் தொங்கிய தன் அறுப்பரிவாளைக்கூட எடுக்கவில்லை.

பதினைந்து நாள் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. அதைத்தான் இப்போது நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். ஷம்ஸியா வீட்டிலும் மாரித்தாயை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தெருவில் அவள் வேலை பார்த்த மற்ற இரண்டு வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். டீச்சரே சொல்லிவிட்டார்கள் என்றால் சும்மாவா என்று பேசிக்கொண்டார்களாம். என் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பா என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. நாலாம் நாள் மதிலோரம் போனவள் நின்றுவிட்டேன். மொட்டைத் தூர்களுக்குள்ளிருந்து குருத்து வெடித்துக் கிளம்பியிருந்தது. சொட்டை விழுந்த நடுப்பகுதியில்கூட. என் கணவர் குடையைப் பிடித்தபடி, அறுத்ததும் நல்லதுக்குத்தான் போல என்றார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் எனக்குத் தெரியும். புல்லின் வளரும் பகுதி நுனியில் இல்லை, தரையை ஒட்டி அடியில் இருக்கிறது. அதனால்தான் ஆடு மேய்ந்தாலும் புல் சாவதில்லை. இதைக் கரும்பலகையில் படம் போட்டு முப்பத்திரண்டு வருஷம் நடத்தியிருக்கிறேன். என் தோட்டத்துப் புல்லுக்கு மட்டும் அந்தப் பாடம் பொருந்தும் என்று தோன்றவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. காய்ந்த பழந்தாளை எந்த ஆடும் மோந்துகூடப் பார்க்காது. அதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்க வேண்டாம் என்றுதான் வேறு வேலையைப் பார்த்தேன்.

கார்த்திகையில் கதிர் வந்தது. முந்தின வருஷங்களில் இல்லாத நெருக்கம், இல்லாத நிறம். காலனி மறுபடி படம் எடுக்க வந்தது. நானும் ஒரு வெள்ளிக்கிழமை படம் எடுக்கப் போனில் தட்டினேன். இடம் இல்லை, எதையாவது அழி என்றது. மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொருவருடைய பக்கமாகத் திறந்து அழித்துக்கொண்டு வந்தேன். மாரித்தாயின் பக்கம் வந்தது.

ஒன்பது குரல் செய்திகள் வரிசையாக நின்றன. கேட்காத செய்திக்குப் பக்கத்தில் மைக் படம் பச்சையாக இருக்கும். ஒன்பதும் பச்சை. ஒவ்வொன்றுக்கும் கீழே என் பெருவிரல்.

பெங்களூரில் எனக்கு வேலை இருந்தது உண்மைதான். குழந்தை இராத்திரியில் தூங்கவில்லை. ஆனால் அதே நாட்களில் நான் சமையல் வீடியோ பார்த்திருக்கிறேன். பழைய மாணவிகள் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துக்குப் பதில் எழுதியிருக்கிறேன். மாரித்தாய் என்ன சொல்லிவிடப் போகிறாள், தண்ணீர் விட்டேன் என்பாள் என்று நினைத்து, கேட்காமலே பெருவிரலை அமுக்கியிருக்கிறேன்.

முதல் செய்தியைத் தட்டினேன். "டீச்சரம்மா, சின்னம்மாவுக்குச் சொகப் பிரசவம் ஆகணும்னு பிள்ளையாருக்கு அருகம்புல்லு மாலை கட்டிப் போட்டிருக்கேன். ஒண்ணும் பயப்படாதீக." கீழே பெருவிரல்.

மூன்றாவதில் அவள் குரல் கம்மியிருந்தது. சின்ன மகளுக்கு டெங்கு என்றும், பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், இரண்டு நாள் வரமுடியாது, கோவித்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னாள். அதற்கும் கீழே என் பெருவிரல், மஞ்சள் நிறத்தில், நிமிர்ந்து.

ஏழாவது புல்லைப் பற்றியது. "டீச்சரம்மா, புல்லு நடுவுல ஒரேயடியா காஞ்சிட்டு. அடியில கரையான் ஏறுது. விட்டா தூரோட போயிரும். ஒரு சாண் விட்டு அறுத்துப் போடட்டுமா? மழைக்கு முன்னால அறுத்தாத்தான் குருத்து வெடிக்கும். உங்களுக்குக் கதிருன்னா உசுருன்னு எனக்குத் தெரியும். வேண்டாம்னா பேசாம இருங்க. சரின்னா மட்டும் பெருவிரல் போடுங்க. நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் பாப்பேன்." பெருவிரல் மறுநாள் காலை ஆறு மணிக்குப் போட்டிருந்தது.

எட்டாவதில் அறுத்தாயிற்று என்றாள். கொஞ்சத்தை, மண் ஈரம் காயாமல் இருக்க, தென்னை மூட்டில் மூடாக்காகப் பரத்தியிருக்கிறாள். மிச்சத்தைக் குப்பை வண்டிக்காரர் வாங்கமாட்டேன் என்றதால் நாலு கட்டாகக் கட்டி, மெயின் ரோட்டுக் குப்பைத் தொட்டி வரைக்கும் தலைச்சுமையாகக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். கை பூராவும் தாள் கிழித்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். நீங்கள் ஊருக்கு வந்து பார்க்கும்போது பச்சை எட்டிப் பார்த்துவிடும், சந்தோஷப்படுவீர்கள் என்றாள்.

ஒன்பதையும் கேட்டேன். கேட்டு முடித்ததும் நான் செய்த முதல் காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். கை நடுங்காமல் அழித்தேன். விடைத்தாளைத் திருத்தி மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல அக்கம்பக்கம் பார்த்தேன். என் கணவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அழித்த பிறகுதான் உறைத்தது, அவளுடைய போனில் எல்லாம் இருக்குமே என்று. அன்று காலை வாசலில் நின்றபோதும் அவள் கூடைக்குள் இருந்திருக்குமே.

அடுத்த ஒன்பது நாளும் போக வேண்டும் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகாமல் இருந்தேன். மழை என்றேன், முழங்கால் வலி என்றேன். பத்தாம் நாள் அறுப்பரிவாளைப் பேப்பரில் சுற்றி, பழம் வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்துக் கொக்கிரகுளம் போனேன். பதினோரு வருஷத்தில் அவள் வீட்டு வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை.

மாரித்தாய் நாற்காலி போட்டாள். சின்ன மகள் கடைக்கு ஓடிக் கலர் சோடா வாங்கி வந்தாள். மாரித்தாய் பேரக்குழந்தையைப் பற்றி விசாரித்தாள், என் முழங்காலைப் பற்றி விசாரித்தாள். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்கப் போவதாகச் சொன்னாள். அவள் கை விரலிடுக்கெல்லாம் சோடாத்தூள் தின்று வெளுத்திருந்தது. நான் எழுந்து கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, தப்பு என்மேல்தான் என்றேன். நீ அனுப்பியதை நான் கேட்கவே இல்லை என்றேன்.

"தெரியும் டீச்சரம்மா" என்றாள். "அங்க கேட்டா இங்க மைக்கு நீலமாவும். நீலமாவே இல்ல. எங்க சின்னவ அப்பமே சொன்னா, அவுக கேக்கவே இல்லம்மான்னு. நாந்தான் ஏசினேன், கேக்காம பெருவிரல் போடுவாகளாட்டி, அவுக டீச்சருன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போன வாரத்துக்கு முந்துன வெள்ளிக்கிழம எல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு நீலமாச்சு. இன்னைக்கு வருவீக, நாளைக்கு வருவீகன்னு பாத்தேன்."

அன்றைக்கு வாசலில் வைத்து அந்தப் போனைக் காட்டியிருக்கலாமே என்று கேட்டேன். காட்டியிருந்தால் இவ்வளவு வந்திருக்காதே என்று, ஏதோ தப்பில் பாதி அவளுடையது என்கிற மாதிரி.

"எதுக்குக் காட்டணும்? பதினோரு வருசம் உங்க வீட்டுச் சாவிய வச்சிருந்தவ சொல்லு பத்தாதுன்னா, போனு சொல்லுதது மட்டும் என்னத்துக்கு?"

பிறகு அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டேன். அவள் வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. "நடுத்தெருவுல வச்சுக் களவாணின்னீக. இப்பம் வீட்டுக்குள்ள வந்து, கதவச் சாத்திட்டு, பைய சொல்லுதீக. இது எனக்கு மட்டும்தான கேக்கும்? எனக்குத்தான் முன்னமே தெரியுமே."

பேப்பரைப் பிரித்து அரிவாளை எடுத்துக்கொண்டாள். அது அவளுடைய அம்மாவின் அரிவாள் என்று அப்போதுதான் சொன்னாள். பழப்பையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தெருவில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. தெருவில் சத்தம் போடத் தெரிந்த எனக்கு அது என்ன பெரிய காரியம்? ஆனால் மார்கழி பிறக்கட்டும் என்றேன், பொங்கல் கழியட்டும் என்றேன். என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், எப்போது சொல்லப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். சரியான சந்தர்ப்பம் வரட்டும் என்றேன்.

சந்தர்ப்பம் தானே தேடி வந்தது. ஜனவரி இருபத்தாறு காலை, காலனிப் பூங்காவில் கொடியேற்றம். இந்த வருஷம் சிறந்த வீட்டுத் தோட்டத்துக்குப் பரிசு என்று சங்கத்தில் அறிவித்திருந்தார்கள். பரிசு எனக்கு. ஷம்ஸியாதான் கோப்பையைக் கையில் கொடுத்தாள். மைக்கையும் கொடுத்து, இந்தப் புல்லு ரகசியத்தை எங்களுக்கும் சொல்லுங்கள் டீச்சர் என்றாள். நூறு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் முதல் வரிசையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேசினேன். வெயில் விழும் இடம் வேண்டும் என்றேன். தண்ணீர் தேங்கக்கூடாது என்றேன். புல்லுக்கு ரொம்பச் சோறு போட்டால் தொந்தி விழுந்து சாய்ந்துவிடும் என்றேன், எல்லாரும் சிரித்தார்கள். "முக்கியமான விஷயம், வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், ஒரு சாண் விட்டு அறுத்துவிட வேண்டும். கதிர் போகிறதே என்று மனசு கேட்காது. கல்லாக்கிக்கொண்டு அறுத்துவிட வேண்டும்" என்றேன். கைதட்டினார்கள். அடுத்த வாக்கியத்தை நான் வீட்டிலேயே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். 'இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் மாரித்தாய்' என்று தொடங்கும் அது. வாயைத் திறந்தேன். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. நன்றி என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பையை அலமாரியில் வைக்கப் போனேன். "அத எங்க வைக்கப் போற?" என்றார் என் கணவர். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு அழுதேன். சாயங்காலம் என் பேச்சைக் காலனிக் குழுவில் வீடியோவாகப் போட்டிருந்தார்கள். கீழே பெருவிரல்கள், வரிசை வரிசையாக, நாற்பதோ ஐம்பதோ. எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குழுவிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன் என்றேன். "மீன்காரர் குழுவுல இல்லையே" என்றார் அவர். "வேன் டிரைவரும் இல்ல."

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலுக்கு வந்து, அவள் நின்ற இடத்தில் நின்றேன். திட்டுக்குக் கூடுகிற கூட்டம் மன்னிப்புக்குக் கூடாது. ஆளாளுக்கு அவரவர் வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான்தான் வேனை நிறுத்தச் சொன்னேன். ஷம்ஸியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சேக் முகம்மது தராசைக் கீழே வைத்தார்.

சத்தமாகச் சொன்னேன். மாரித்தாய் களவாடவில்லை, பொய்யும் சொல்லவில்லை. என்னிடம் கேட்டாள். நான் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டு, அவளைக் களவாணி என்றேன். புத்தி எங்கே போகும் என்று சொன்னேனே, அது என் புத்தி. நேற்று நான் வாங்கிய பரிசும் அவளுடையதுதான். இவ்வளவும் சொன்னேன்.  வேனுக்குள் ஒரு பிள்ளை, அந்த டீச்சர் ஏன் அழுகிறார்கள் என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டது காதில் விழுந்தது.

சேக் முகம்மது ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, "அவ எடுக்கமாட்டான்னு எங்களுக்கெல்லாம் அப்பமே தெரியும் டீச்சர். நீங்க சொல்லுதீகளேன்னு சும்மா இருந்துட்டோம்" என்றார். ஷம்ஸியா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம் வந்து, மாரித்தாய்க்குப் போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டதாகச் சொன்னாள். அவள், மண்டபத்தில் முகூர்த்தக் காலம், பார்த்துச் சொல்கிறேன் என்றாளாம்.

நானும் சொல்ல வேண்டியிருந்தது. எழுதி அனுப்பினால் அவளால் படிக்க முடியாது. குரல் செய்தி அனுப்புவது எழுதத் தெரியாதவர்கள் வேலை என்று நினைத்திருந்தவள், வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மைக்கை அமுக்கிப் பிடித்துப் பேசினேன். நாலு நிமிஷம். காலையில் தெருவில் சொன்னதை அப்படியே சொன்னேன். பரிசுக் கோப்பை தரையிலேயே இருக்கிறது, உன் வீட்டுக்குக் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். உன் மகளுக்கு டெங்கு என்றதற்கு நான் போட்ட பெருவிரலை நினைத்தால் என் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை என்றேன். வேலைக்கு வா என்று சொல்லவில்லை. வாசல் பக்கமாவது ஒரு தடவை வா என்றேன்.

அனுப்பிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை நிமிஷம் ஆகியிருக்காது. பதில் வந்துவிட்டது. ஒரு பெருவிரல்.

சந்தோஷத்தில் என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டப் போனேன். அப்போதுதான் என் செய்திக்குப் பக்கத்தில் இருந்த மைக்கைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் இருந்தது.

இன்றைக்கு மாசி பிறந்துவிட்டது. தினமும் காலையில் எழுந்ததும் எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் நீலமாகவில்லை. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்காமலும் பெருவிரல் போடலாம் என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் நான்தான்.